விடாமல் முயல்வதும் வழி மாற்றிப் பார்ப்பதும்: கணித வகுப்பில் மீள்திறனும் படைப்பாற்றலும்

மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கற்பித்தல் பயிற்சியில் இருக்கும் எம்.எட். மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: கணிதம் கற்கும் பிள்ளைகளிடம் மீள்திறன், அதாவது தோல்வியிலிருந்து மீண்டெழும் ஆற்றல், கூடினால் படைப்பாற்றல் சிந்தனையும் கூடுமா? இதை ஆய்வுத் தலைப்பாக எடுக்க நினைக்கிறார், ஆனால் ஒரு குழப்பம் அவரைத் தடுக்கிறது. அவருடைய வகுப்பில் விடாமல் உட்கார்ந்து கணக்குப் போடும் பிள்ளைகளிடமிருந்து புதிதாக எதுவும் வருவதில்லை. புதிதாக யோசிக்கும் ஓரிருவரோ முதல் தவறிலேயே நோட்டை மூடிவிடுகிறார்கள். அப்படியானால் இரண்டுக்கும் உறவே இல்லையா என்பது அவருடைய கேள்வி.

உறவு இருக்கிறது. நீங்கள் பார்த்த அந்த இரண்டு வகைப் பிள்ளைகளைக் கொண்டே அதை விளக்க முடியும். முதல் வகையினரிடம் உழைப்பு இருக்கிறது, வழியை மாற்றும் துணிவு இல்லை. இரண்டாம் வகையினரிடம் யோசனை இருக்கிறது, அது பலிக்காமல் போகும் நேரத்தைத் தாங்கும் பழக்கம் இல்லை. இரு சாராருக்கும் குறைவது ஒரே பொருள்தான் என்பது என் கருத்து: விடை தெரியாத நிலையில் வெட்கமோ பயமோ இல்லாமல் சிறிது நேரம் தங்கியிருப்பது. மீள்திறன் அந்த நேரத்தைப் பெற்றுத் தருகிறது. படைப்பாற்றல் அந்த நேரத்துக்குள்தான் வேலை செய்கிறது.

மீள்திறன் என்றதும் பல்லைக் கடித்துக்கொண்டு உழைப்பது என்று நாம் எண்ணிவிடுகிறோம். அந்தக் கருத்து வளர்ந்த இடத்தைப் பார்த்தால் படம் வேறாக இருக்கிறது. ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடும்பத்தில் ஓயாத சச்சரவு, பெற்றோரின் மனநோய் என்று பல இடர்கள் ஒன்றுசேர்ந்து அமைந்த பிள்ளைகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நல்ல நிலையில் வளர்ந்தார். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவற்றுள் ஒன்று, அந்தப் பிள்ளையை முழுமையாக ஏற்றுக்கொண்ட ஒரு பெரியவராவது அருகில் இருந்தது. பாட்டியாகவோ, ஆசிரியராகவோ, அக்கம்பக்கத்தாராகவோ அவர் இருக்கலாம். ஆகவே மீள்திறனைப் பிள்ளையின் பிறவிக் குணமாக மட்டும் எழுதிவிடாதீர்கள். சுற்றியிருப்பவர்கள் கொடுக்கும் இடமும் அதில் பாதி.

இதைக் கணிதத்துக்குக் கொண்டுவந்து 2010 அளவில் 'கணித மீள்திறன்' என்று பேசியவர்கள் இங்கிலாந்தின் சூ ஜான்ஸ்டன்-வைல்டரும் கிளேர் லீயும். அவர்கள் மூன்று வட்டங்கள் வரைந்து காட்டுவார்கள். உள்வட்டத்தில் பிள்ளை ஏற்கெனவே தெரிந்ததையே செய்து வசதியாக இருக்கிறது. நடு வட்டத்தில் சற்றுத் தடுமாறிக் கற்கிறது. வெளிவட்டத்தில் பயம் பிடித்துக்கொள்கிறது, அங்கே கற்றல் நின்றுபோகிறது. நின்றுபோவதற்கு அறிவியல் காரணமும் உண்டு. மார்க் ஆஷ்கிராஃப்ட், எலிசபெத் கிர்க் இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு, கணித அச்சம் கணக்குப் போடும் அந்த நேரத்தில் செயல்படும் நினைவாற்றலையே ஆக்கிரமித்துக்கொள்கிறது என்று காட்டியது. இடைநிலை எண்களை மனத்தில் வைத்திருக்கவே இடம் போதாத பிள்ளை, இன்னொரு வழியை எங்கே வைத்துப் பார்க்கும்? கரும்பலகை முன் நிற்கவைத்துத் திட்டும்போது நாம் பறிப்பது தன்னம்பிக்கையை மட்டுமல்ல, அந்த நேரத்துக்கான சிந்தனை இடத்தையும்தான்.

படைப்பாற்றலுக்கு வருவோம். அமெரிக்க உளவியல் கழகத்தின் தலைவராக ஜே.பி. கில்ஃபோர்ட் 1950-இல் ஆற்றிய உரைக்குப் பிறகுதான் இதை அளக்கும் முயற்சிகள் வேகம் பிடித்தன. பின்னர் உளவியலாளர் டாரன்ஸ் படைப்பாற்றலை அளக்கும் தம் சோதனைகளை உருவாக்கினார். எத்தனை யோசனைகள் வருகின்றன என்பது சரளம், எத்தனை வகையான யோசனைகள் என்பது நெகிழ்வு, மற்றவர்க்குத் தோன்றாதது தோன்றுகிறதா என்பது தனித்தன்மை. இந்த மூன்றில் உங்கள் ஆய்வுக்கு நெகிழ்வுதான் உயிர்நாடி. மீள்திறனும் படைப்பாற்றலும் கைகோக்கும் இடம் அதுவே.

ஏன் என்று ஆபிரகாம் லூச்சின்ஸ் 1942-இல் வெளியிட்ட பாத்திரச் சோதனை அழகாகக் காட்டுகிறது. மூன்று பாத்திரங்கள் 21, 127, 3 அளவு கொள்ளும், 100 அளவு தண்ணீர் எடுக்க வேண்டும். 127 கொள்வதை நிரப்பி, அதிலிருந்து 21-ஐ ஒருமுறையும் 3-ஐ இரண்டு முறையும் ஊற்றிவிட்டால் 100 கிடைக்கும். இதே வழியில் தீரும் சில கணக்குகளைத் தொடர்ந்து கொடுத்துவிட்டு, 23, 49, 3 கொள்ளும் பாத்திரங்களால் 20 எடுக்கச் சொன்னார். 23-இலிருந்து 3-ஐ ஊற்றினால் முடிந்தது. ஆனால் முந்தைய கணக்குகளில் பழகியவர்களில் பெரும்பாலோர் 49-இலிருந்து 23-ஐயும் இரண்டு 3-களையும் கழித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்து 28, 76, 3 கொடுத்து 25 எடுக்கச் சொன்னார். பழைய வழி இங்கே 42-இல் கொண்டுபோய் நிறுத்தும். 28-இலிருந்து 3 போனால் 25 என்பது கண்முன்னே இருந்தும் பலருக்குத் தெரியவில்லை. பழக்கமே இல்லாமல் நேராக வந்தவர்கள் எளிதில் போட்டுவிட்டார்கள்.

நம் பத்தாம் வகுப்பை நினைத்துப் பாருங்கள். பயிற்சிக் கணக்குகளையே திரும்பத் திரும்பப் போட்டு, கைடில் உள்ள வரிசை மாறாமல் எழுதிப் பழகிய பிள்ளை, வினாத்தாளில் கட்டாய வினாக்களான 28-ஆம் வினாவையோ 42-ஆம் வினாவையோ பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறது. அந்தப் பிள்ளை மார்கழிக் குளிரில் நாலரை மணிக்கு எழுந்து படித்த பிள்ளை. உழைப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வழி மாற்றும் பழக்கம் இல்லாத உழைப்பு, லூச்சின்ஸின் பாத்திரங்களைப் போலப் பழைய வழியை இன்னும் ஆழமாக உழுதுவிடுகிறது. 'மீள்திறன் அதிகம், படைப்பாற்றல் குறைவு' என்று நீங்கள் குறித்துவைத்த பிள்ளைகள் இவர்களாகவே இருக்கக்கூடும். நாம் அளந்தது அவர்களுடைய பொறுமையை. தோற்ற பிறகு வேறு பக்கம் திரும்பும் ஆற்றலை நாம் அளக்கவே இல்லை.

அந்தத் திரும்புதல் எப்படி நடக்கும் என்பதை கற்றல் ஆய்வாளர் மனு கபூர் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் செய்த ஆய்வுகளில் பார்க்கலாம். எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று அளக்கும் திட்டவிலக்கம் இன்னும் கற்பிக்கப்படாத மாணவர்களிடம் மூன்று கால்பந்து வீரர்கள் 20 ஆண்டுகளில் அடித்த கோல்களின் பட்டியலைக் கொடுத்து, யார் ஆட்டம் மிகச் சீரானது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். பிள்ளைகள் பல வழிகளை உருவாக்கினார்கள், எவரும் பாடநூல் வழியை எட்டவில்லை. அதன் பிறகே ஆசிரியர் அந்த வழிகளை ஒப்பிட்டுப் பாடம் நடத்தினார். முதலிலேயே பாடம் கேட்டுப் பிறகு பயிற்சி செய்தவர்களோடு ஒப்பிட்டபோது, சூத்திரத்தைப் போடுவதில் இரு தரப்பும் ஏறக்குறைய சமம். ஏன் அந்தச் சூத்திரம் என்ற புரிதலிலும் புதிய சூழலில் பயன்படுத்துவதிலும் முதலில் தடுமாறியவர்களே மேல். அதிலும், தடுமாறும்போது அதிக வழிகளை உருவாக்கியவர்கள் அதிகம் கற்றார்கள். உங்கள் தலைப்பின் இரு முனைகளும் இந்த ஒரு முடிவில் சேர்ந்திருக்கின்றன.

இதை மதுரையில் செய்து பார்க்கக் கால்பந்து வேண்டாம், மாட்டுத்தாவணிப் பூச்சந்தை போதும். மல்லிகை விலை முகூர்த்த நாளில் எங்கோ ஏறி மறுநாள் இறங்குவதைப் பூக்கட்டும் வீட்டுப் பிள்ளைகள் நன்றாக அறிவார்கள். ஐந்து நாள் விலையாக 400, 600, 900, 500, 600 ரூபாய் என்று கற்பனையாகக் கொடுங்கள். சராசரி 600. சராசரி அதே 600 வரும்படி வேறொரு பூவுக்கும் ஐந்து விலைகள் கொடுத்து, எந்தப் பூவின் விலை அதிகம் ஆடுகிறது என்று ஓர் எண்ணால் சொல்லச் சொல்லுங்கள். ஒருவர் மிகப் பெரிய விலையிலிருந்து மிகச் சிறியதைக் கழிப்பார். ஒருவர் நாளுக்கு நாள் எவ்வளவு தாவுகிறது என்று கூட்டுவார். யாராவது ஒருவர் சராசரியிலிருந்து ஒவ்வொரு விலையும் எவ்வளவு விலகுகிறது என்று எழுதுவார்: −200, 0, 300, −100, 0. கூட்டினால் பூச்சியம். மற்றொரு பூவுக்கும் பூச்சியம்.

அந்தப் பூச்சியத்தைக் கண்ட கணத்தில் பிள்ளையின் முகத்தைக் கவனியுங்கள். உங்கள் ஆய்வேட்டின் மையம் அங்கேதான் இருக்கிறது. ஒரு பிள்ளை 'தப்பாப் போச்சு டீச்சர்' என்று அழித்துவிடும். இன்னொன்று மீண்டும் மீண்டும் கூட்டிப் பார்த்து அதே பூச்சியத்தை எடுத்துக்கொண்டிருக்கும். வேறொன்று 'எப்போதும் பூச்சியம்தான் வருமா?' என்று கேட்கும். மூன்றாவது பிள்ளைக்குத் தோல்வி ஒரு செய்தியாக மாறிவிட்டது. குறைக் குறிகள்தான் கூட்டலை விழுங்குகின்றன என்று அது கண்டுகொண்டால், குறியை விட்டுவிட்டுக் கூட்டலாம், அல்லது வர்க்கப்படுத்தலாம். வர்க்கப்படுத்திய பிள்ளை திட்டவிலக்கத்தின் வாசலில் நிற்கிறது. பாடநூலில் அந்தச் சூத்திரம் வரும்போது, தான் முட்டிய இடத்தில் யாரோ கதவு வைத்திருக்கிறார்கள் என்று அதற்குப் புரியும்.

ஒரு கேள்வி எழலாம். தடுமாறுவது நல்லது என்றால் எல்லாப் பிள்ளைகளையும் தடுமாற விட்டுவிடலாமா? கூடாது. கபூரின் வகுப்பில் தடுமாறியவர்களுக்கு மதிப்பெண் போகவில்லை, அவர்கள் குழுவாக உட்கார்ந்தார்கள், கடைசியில் ஆசிரியர் வந்து அவர்களுடைய வழிகளையே கையில் எடுத்துப் பாடமாக்கினார். அந்த முடிவுப் பகுதி இல்லாமல் தடுமாற்றத்தை மட்டும் கொடுத்தால் பிள்ளை வெளிவட்டத்துக்குப் போய்விடும்.

பாராட்டும் முறையையும் இங்கே சொல்ல வேண்டும். கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சோதனையை நன்றாக முடித்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரைப் புத்திசாலி என்றும் சிலரை நன்றாக உழைத்தாய் என்றும் பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர்களில் தோற்கவைத்தபோது, புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்கள் சீக்கிரம் சோர்ந்தார்கள், ஆர்வம் இழந்தார்கள். நம் ஊரில் 'கணக்குப் புலி' என்று பட்டம் கொடுத்துவிடுகிறோம். பட்டம் வாங்கிய பிள்ளை, தவறாகப் போகக்கூடிய வழியில் காலே வைக்காது, வைத்தால் பட்டம் போய்விடும். முதல் தவறிலேயே நோட்டை மூடுவதாக நீங்கள் சொன்ன அந்த ஓரிருவர் சின்ன வகுப்பிலிருந்து இந்தப் பட்டத்தைச் சுமந்து வருபவர்களா என்று விசாரித்துப் பாருங்கள்.

அதற்காக, மனப்பான்மையை மாற்றும் பேச்சால் எல்லாம் சரியாகும் என்றும் நம்ப வேண்டாம். டேவிட் யேகரும் குழுவினரும் அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், அறிவு வளரக்கூடியது என்று ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையப் பயிற்சி கொடுத்தார்கள். பின்தங்கிய மாணவர்களிடம் முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் அளவில் சிறியது. அதே ஆய்வின் தரவுகளைத் தொடர்ந்து ஆராய்ந்தபோது, ஆசிரியருக்கும் அதே நம்பிக்கை இருந்த வகுப்புகளில்தான் கணித மதிப்பெண்ணில் பலன் நின்றது என்று கண்டார்கள். 'தோல்வியே வெற்றிக்கு முதல்படி' என்று சுவரில் எழுதிவைத்து, தன் வழியில் போட்ட சரியான கணக்குக்குச் சிவப்பு மையில் சுழித்தால் பிள்ளை எதை நம்பும்?

ஆகவே என் பரிந்துரை, வரிசையைத் திருப்பிப் பிடியுங்கள். முதலில் மீள்திறனை ஊட்டிவிட்டுப் பிறகு படைப்பாற்றலுக்குப் போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு கணக்குக்கு இரண்டாவது வழி உண்டு என்று அனுபவத்தில் அறிந்த பிள்ளை, முதல் வழி அடைபடும்போது கலங்காது. கையில் மாற்று வழி இருப்பதே பெரும் தெம்பு. வகுப்பறையில் தைரியத்தைக் கற்பிப்பதைவிட இரண்டாவது வழியைக் கற்பிப்பது எளிது, தைரியம் அதன் பின்னாலேயே வந்துவிடும்.

இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் கணக்கு புள்ளிக் கோலம். ஏழு புள்ளியில் தொடங்கி, இடுக்குப் புள்ளியாக இருபுறமும் நான்கு வரை வைக்கும் சிறிய கோலம் எல்லாருக்கும் தெரியும். மொத்தம் எத்தனை புள்ளிகள்? வரிசை வரிசையாகக் கூட்டினால் 4+5+6+7+6+5+4, அதாவது 37. இது எவரும் போடும் வழி, இதிலேயே எல்லாருக்கும் ஒரு வெற்றி கிடைத்துவிடுகிறது. இப்போது, கூட்டாமல் வேறு எப்படி எண்ணலாம் என்று கேளுங்கள்.

ஏழு வரிசையிலும் ஏழேழு இருப்பதாக வைத்து 49, அதில் மேலே 3+2+1, கீழே 3+2+1 குறைகிறது, ஆக 37 என்பார் ஒருவர். கோலம் போட்டுப் பழகிய கைகளுக்கு இன்னொன்று தெரியும்: நடுப்புள்ளியைச் சுற்றி ஆறு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு, அதைச் சுற்றிப் பதினெட்டு. 1+6+12+18, மறுபடியும் 37. நடுப்புள்ளியை எடுத்துவிட்டால் மீதியை 4-க்கு 3 என்ற மூன்று சாய்கட்டங்களாகப் பிரிக்கலாம். மூன்று பன்னிரண்டு 36, நடுப்புள்ளியோடு 37. இந்தக் கடைசி வழி தெரிந்தவர் பதினைந்து புள்ளி எட்டு வரை வைக்கும் பெரிய கோலத்துக்கும் உடனே விடை சொல்லிவிடுவார்: 3×8×7+1, அதாவது 169. வரிசையாகக் கூட்டிச் சரிபார்க்கட்டும்.

இன்னும் ஒரு படி இருக்கிறது. 3–2, 5–3, 7–4 என்று கோலத்தை வளர்த்தால் 7, 19, 37 புள்ளிகள். ஒற்றைப் புள்ளியையும் சேர்த்து ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள்: 1, 8, 27, 64. கன எண்கள்! ஒரு கனசதுரத்தை அதன் மூலையிலிருந்து பார்த்தால் அறுகோணமாகத் தெரிவதோடு இதற்குத் தொடர்பு உண்டு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்த இடத்தில் வகுப்பு நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். கணக்கு வராது என்று பின்வரிசையில் தலைகுனிந்திருக்கும் பெண்பிள்ளைகள் பலர் இந்தக் கணக்கில் முன்னால் வந்து பேசுகிறார்கள், ஏனென்றால் புள்ளிகளின் அமைப்பு அவர்கள் விரல்களுக்கு முன்பே தெரியும்.

பின்வரிசை என்றதும் சொல்லாமல் விட முடியாத ஒன்று. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு 'மெல்லக் கற்போர்' என்று சிலரைப் பிரித்து, குறைந்தபட்சக் கற்றல் கையேடு ஒன்றைக் கையில் கொடுத்து, செய்முறை வடிவியல் எட்டு, வரைபடம் எட்டு, ஆகப் பதினாறு மதிப்பெண்ணைப் பிடி என்கிறோம். அந்தப் பிள்ளைகள் தேர்ச்சி பெற வேண்டும் என்ற அக்கறையில்தான் இது நடக்கிறது, அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் ஆண்டு முழுவதும் அவர்களுக்குக் கிடைப்பது ஒரே வழி, ஒரே வகைக் கணக்கு, திரும்பத் திரும்ப. வகுப்பில் யாரைவிடவும் அதிகமாகத் தோல்வியைத் தாங்குபவர்கள் அவர்கள். யோசிக்கும் வாய்ப்பு யாரைவிடவும் குறைவாகக் கிடைப்பதும் அவர்களுக்கே. உங்கள் மாதிரியிலிருந்து தயவுசெய்து அவர்களை ஒதுக்கிவிடாதீர்கள். மீள்திறனை எங்கே தேட வேண்டும் என்று கேட்டால் அவர்களிடம்தான் என்பேன்.

அவர்களுக்குச் சரியான ஒரே விடை இல்லாத கேள்விகள் நன்றாகப் பொருந்தும். வண்டியூர் தெப்பக்குளம் ஏறத்தாழ ஆயிரம் அடிக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது அடி. வைகையிலிருந்து வினாடிக்கு 50 கன அடி வந்தால் எவ்வளவு நேரத்தில் நிரம்பும்? ஆழத்தை அவர்களே ஊகிக்கட்டும். பத்து அடி என்று வைத்தால் 95 லட்சம் கன அடி, 1,90,000 வினாடி, இரண்டு நாளுக்குச் சற்று மேல். மைய மண்டபத்தின் இடத்தைக் கழிக்க வேண்டாமா என்று ஒருவர் கேட்பார். கேட்டவரை நிறுத்தி, அதைக் கழித்தால் நேரம் கூடுமா குறையுமா என்று வகுப்பிடம் கேளுங்கள்.

கணித மீள்திறன் என்றாலே இராமானுஜனைச் சொல்லாமல் விடமாட்டார்கள். கல்லூரித் தேர்வில் தவறினார், உதவித்தொகையை இழந்தார், ஆனாலும் கணிதத்தை விடவில்லை என்பது உண்மை. அந்தக் கதையை முழுவதுமாகச் சொல்ல வேண்டும். நெல்லூரில் ஆட்சியராக இருந்த இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து அவரைத் தாங்கினார். சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. அங்கிருந்தபடிதான் 1913-இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். கவாய்த் தீவுப் பிள்ளைகளுக்கு வாய்த்ததைப் போலவே அவருக்கும் நம்பிய மனிதர்கள் இருந்தார்கள். அதைச் சொல்லாமல் 'இராமானுஜனைப் போல முயற்சி செய்' என்றால் பிள்ளையின் தலையில் பாரம் ஏற்றுகிறோம்.

இனி உங்கள் ஆய்வின் அமைப்பு. மீள்திறனுக்கு ஒரு வினாநிரல், படைப்பாற்றலுக்கு ஒரு வினாநிரல் கொடுத்து இரண்டுக்கும் ஒட்டுறவுக் கெழு, அதாவது இரண்டும் எந்த அளவுக்குச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் எண், காண்பது வழக்கம். அதில் நேர்மறை உறவு கிடைத்தாலும், எது எதை வளர்க்கிறது என்று அது சொல்லாது. நல்ல மதிப்பெண், வசதியான வீடு போன்ற மூன்றாவது காரணம் இரண்டையும் உயர்த்தியிருக்கலாம். அதோடு, 'தோற்றாலும் மனம் தளரமாட்டேன்' என்ற கூற்றுக்கு எந்தப் பிள்ளையும் 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்றே குறியிடும், டீச்சர் பார்த்துக்கொண்டிருக்கிறார் அல்லவா.

வினாநிரலை வைத்துக்கொள்ளுங்கள், கூடவே செயலையும் பதிவுசெய்யுங்கள். கோலக் கணக்கையும் பூ விலைக் கணக்கையும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் தாளில் கொடுத்து, ரப்பர் பயன்படுத்தாமல் தவறை ஒரு கோட்டால் அடிக்கச் சொல்லுங்கள். முதல் வழி அடைபட்ட பிறகு அடுத்த முயற்சி தொடங்க எவ்வளவு நேரம் எடுத்தது, அது பழைய வழியின் மறுபிரதியா வேறு வகையா என்ற இரண்டையும் குறியுங்கள். முதலாவது மீள்திறனைக் காட்டும், இரண்டாவது நெகிழ்வைக் காட்டும். பிறகு ஒரு வகுப்புக்கு வாரம் ஒரு பாடவேளை பல வழிக் கணக்குகள் கொடுத்து, இணையான மற்றொரு வகுப்புக்கு வழக்கமான பயிற்சி கொடுத்து, பருவ முடிவில் இரு வகுப்பிலும் அதே தாளைப் புதிய எண்களோடு கொடுங்கள். இரண்டாவது வழியைக் கற்ற வகுப்பு, தோற்ற பிறகு சீக்கிரம் எழுகிறதா என்று அப்போது பார்க்கலாம். அடித்த வரிகளுக்கு மதிப்பெண் குறையாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாமல் வாங்கிய தாள்களில் அடித்தல்களே இருக்காது, நீங்கள் அளக்க வந்தது அந்த அடித்தல்களில்தான் இருக்கிறது.